இடத்திலிருந்து உயிருக்கு: தொடக்கப் பள்ளியில் துருவ வாழிடங்களைக் கற்பிக்கும் முறை

இங்கிலாந்தில் 2014 முதல் நடைமுறையில் உள்ள தேசியப் பாடத்திட்டம், ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு இலக்குகளை வகுத்திருக்கிறது. நிலநடுக்கோட்டையும் இரு துருவங்களையும் கொண்டு உலகின் வெப்பப் பகுதிகளையும் குளிர்ப் பகுதிகளையும் இனம் காண்பது புவியியலின் இலக்கு. உயிரினங்கள் தமக்குப் பொருந்திய வாழிடங்களில் வாழ்வதையும், அவற்றின் அடிப்படைத் தேவைகளை வாழிடம் நிறைவேற்றுவதையும் விளக்குவது இரண்டாம் ஆண்டு அறிவியலின் இலக்கு. இவ்விரண்டையும் ஒருசேரக் கற்பிக்கத் துருவப் பகுதிகள் நல்ல களம்.

ஆனால் அப்பாடம் விலங்கில் தொடங்குவதே வழக்கமாக இருக்கிறது. முதலில் பனிக்கரடி, பென்குயின், சீல் ஆகியவற்றின் படங்கள், அடுத்து அவற்றின் உடல் இயல்புகள், கடைசியாக வரைபடம். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இடத்தின் அமைப்பை முதலில் அறியும் குழந்தைக்கு விலங்கின் இயல்பு காரணத்தோடு விளங்கும். அதை அறியாத குழந்தைக்கு அது மனப்பாடத் தகவலாக நின்றுவிடும்.

இரு துருவங்கள், இரு அமைப்புகள்

ஆர்க்டிக் நிலங்களால் சூழப்பட்ட கடல். அண்டார்க்டிக்கா கடலால் சூழப்பட்ட நிலம். வடக்கே கடல்நீரே உறைந்து சில மீட்டர் தடிப்பில் மிதக்கிறது. தெற்கே சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கண்டத்தில் ஏறத்தாழ 98 விழுக்காட்டைப் பனி மூடியிருக்கிறது. அப்பனியின் சராசரித் தடிப்பு 2 கிலோமீட்டரை ஒட்டியது.

உயிர்களின் வேறுபாடு இந்த அமைப்பிலிருந்தே பிறக்கிறது. வடக்கே மூன்று கண்டங்கள் உறைகடலைத் தொட்டு நிற்பதால் கரடியும் நரியும் ஓநாயும் நடந்தே அங்கு செல்ல முடிந்தது. மனிதரும் அவ்வாறே சென்றனர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழும் இன்யூட் மக்களின் தாயகம் அது. அவர்கள் பெரும்பான்மையாக உள்ள நுனாவுட் 1999இல் கனடாவின் தனி ஆட்சிப்பகுதியாக உருவானது. ஆர்க்டிக்கை ஆளில்லா வெளியாகக் காட்டும் பாடநூல் பிழையானது.

தெற்கே தென்பெருங்கடல் ஓர் அகழிபோல் கண்டத்தைச் சுற்றிக் கிடக்கிறது. நிலத்தில் வேட்டையாடும் பாலூட்டி எதுவும் அதைக் கடந்து குடியேறவில்லை. பறக்க இயலாத பேரரசப் பென்குயின், கரையை ஒட்டிய திறந்த கடற்பனியில் கூட்டமாக இனப்பெருக்கம் செய்ய முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடுங்குளிர்காலத்தில் ஆண் பறவை முட்டையைப் பாதங்களின்மேல் வைத்து, இரண்டு மாதத்துக்கு மேல் உண்ணாமல் அடைகாக்கிறது. கரடியையும் பென்குயினையும் ஒரே பனிப்பாறையில் வரையும் குழந்தையிடம் ‘இது வடக்கு, அது தெற்கு’ என்று திருத்துவதில் பயன் குறைவு. அந்த முட்டைக்கு அருகில் ஒரு கரடி வந்தால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். காரணத்தைத் தேடிக் குழந்தையே வரைபடத்துக்குத் திரும்பும்.

கையால் அறியும் காரணம்

விலங்கின் கொழுப்பைப் பற்றிக் கற்பிக்கப் பல பள்ளிகளில் ஒரு சோதனை செய்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே கெட்டியான சமையல் கொழுப்பை நிரப்பி, அதற்குள் கையை விட்டுக் குளிர்நீரில் அமிழ்த்துவார்கள். கை குளிர்வதில்லை. நல்ல சோதனைதான், ஆனால் கொழுப்பே வெப்பத்தைத் தருகிறது என்ற தவறான முடிவுக்கும் அது இடமளிக்கிறது.

எனவே இன்னொரு சோதனையும் தேவை. ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளில் ஒன்றைத் தட்டில் வெறுமனே வைத்து, மற்றதைக் கம்பளித் துணியில் சுற்ற வேண்டும். எது முதலில் உருகும்? கம்பளி சூடு தரும் என்று நம்பும் குழந்தை, சுற்றியதையே காட்டும். சிறிது நேரம் கழித்துத் துணியைப் பிரித்தால், தட்டில் இருந்ததைவிட அது பெரிதாகவே இருக்கும். கம்பளி வெப்பத்தை உண்டாக்கவில்லை, அது கடந்து செல்வதைத்தான் தாமதப்படுத்துகிறது என்று கண்முன்னே தெளிவாகிறது.

அப்படியானால் கரடிக்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது? உணவிலிருந்து. அதன் முதன்மை உணவு சீலின் கொழுப்பு. சீல்கள் மூச்சுவிட மேலே வரும் துளைகளருகே கடற்பனியின்மேல் காத்திருந்து கரடி அவற்றைப் பிடிக்கிறது. கம்பளிபோல் வெப்பத்தைக் காக்கும் உரோமம், உணவு, கடற்பனி என்ற தொடர்பு இவ்வாறு முழுமையாகிறது. கடற்பனி குறைந்தால் கரடிக்கு என்ன நேரும் என்பதைப் பிறர் சொல்லாமலேயே குழந்தை உய்த்தறியும்.

ஒரு மறுப்பு

அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1996இல் ஒரு வலுவான எச்சரிக்கையை முன்வைத்தார். தொலைவில் நிகழும் சூழல் அழிவுகளை இளம்வயதில் சுமத்தினால் குழந்தைகள் இயற்கையிடமிருந்து அஞ்சி விலகுவர். அருகிலுள்ள இயற்கையோடு முதலில் உறவு வளர வேண்டும் என்றார். இதில் பாதியை முழுமனத்துடன் ஏற்கிறேன். பட்டினியால் மெலிந்த கரடியின் படத்துக்கு ஆறு வயது வகுப்பறையில் இடமில்லை.

மற்றப் பாதியை ஏற்க இயலாது. குழந்தையை அச்சுறுத்துவது தொலைவு அல்ல. காரணமும் செயலும் இன்றி வந்து விழும் பேரழிவுச் செய்தி. எந்தப் பாடத்தையும் நேர்மையான ஒரு வடிவில் எந்தப் பருவத்துக் குழந்தைக்கும் கற்பிக்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960இல் வாதிட்டார். கையில் உருகும் பனிக்கட்டி அத்தகைய நேர்மையான வடிவம். ஆர்க்டிக்கின் கோடைக்காலக் கடற்பனி, தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு தொடங்கிய 1979 முதல் வெகுவாகக் குறைந்திருப்பதைக் குழந்தை கேட்டால் மறைக்கக் கூடாது. அதைத் தடுப்பது பெரியவர்களின் பொறுப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முடிவுரை

பாடத்திட்டத்தைத் திருத்தாமலேயே இம்மாற்றத்தைச் செய்யலாம்: முதலில் வரைபடமும் பனியும், அடுத்து சோதனை, அதன்பின் விலங்கு. மதிப்பீடும் இதற்கேற்ப மாற வேண்டும். படத்துக்குப் பெயர் எழுதச் சொல்வதற்கு மாறாக, பாடத்தில் வராத ஓர் உயிரைக் கொடுத்துக் கேட்கலாம். ஆர்க்டிக் ஆலா வடக்கே குஞ்சு பொரித்து, ஆண்டுதோறும் அண்டார்க்டிக்கா வரை சென்று திரும்புகிறது. கரடியால் முடியாதது இதனால் எப்படி முடிகிறது? ‘இது பறக்கும், இதற்குக் கடல் தடையில்லை’ என்று விடை சொல்லும் குழந்தை, துருவங்களைப் புரிந்துகொண்டுவிட்டது.