அரங்கன் பெற்ற பச்சை மாலைகள்

ஒன்பான் மணிகளுள் பச்சை நிறத்தது மரகதம். அது புதனுக்கு உரியது என்பது நம்மவர் மரபு. மே மாதத்தில் பிறந்தோர்க்கு உரியது என்பதோ, 1912ஆம் ஆண்டில் அமெரிக்க நகை வணிகர் வகுத்த பட்டியலால் பரவிய வழக்கு. பெரில் என்னும் கனிம இனத்தைச் சார்ந்த இம்மணிக்குப் பசுமை தருவன குரோமியமும் வனேடியமும் ஆகும்.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, மதுரை மணிவீதியைக் காட்டுமிடத்து, கீற்றும் கருகலும் நீங்கிய மரகதத்தைப் போற்றுகிறது. உட்கீற்று அறவே இல்லாத மரகதம் மிக அரிது என இன்றைய மணி வல்லாரும் கூறுவர். இளங்கோவடிகள் மணியின் இயல்பறிந்தே பாடினார் என்பது இதனால் விளங்கும்.

நம் திருவரங்கத்திற்கும் மரகதத்திற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு. 1251இல் முடிசூடிய முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன், அரங்கன் கோயிலைப் பொன்வேய்ந்த பெருமையினன். கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுளாக அமைந்த அவனது திருவரங்கக் கல்வெட்டு, காடக மன்னனிடமிருந்து கொண்ட மரகத மாலையை அரங்கனுக்கு அளித்த செய்தியைக் குறிக்கின்றது. காடகம் என்பது ஒரிசாவின் கட்டக் என்பது அறிஞர் சிலர் கருத்து. கொலம்பிய நாட்டு மரகதங்கள் 16ஆம் நூற்றாண்டு முதலே இந்தியாவிற்கு வந்தன. ஆதலின் பாண்டியன் அளித்தவை அவற்றினும் தொன்மையான வேற்றுச் சுரங்கங்களின் மணிகளே எனத் துணியலாம்.

போரில் கொண்ட பொருளைப் போரே கொண்டு செல்லும். 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியது. கோயிற் செல்வம் கொள்ளை போயிற்று. அழகிய மணவாளனையே அடியார்கள் ஊர்தோறும் சுமந்து காக்க நேர்ந்தது. 1371இல்தான் பெருமான் தம் கோயில் மீண்டார்.

பாண்டியனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அரங்கனுக்கு வேறொரு மாலை சூட்டப்பெற்றது. நந்தவனம் அமைத்துப் பூத்தொடுத்து வாழ்ந்த தொண்டரடிப்பொடியாழ்வார், இறைவனின் பசிய மேனியை மலையோடு ஒப்பிட்டு 45 பாசுரங்கள் பாடினார். அந்நூலின் பெயரும் 'திருமாலை' என்பதே. அதனைக் கவர்ந்து செல்ல எப்படையாலும் இயலவில்லை. அது அடியார் நாவில் இருந்தது.

வேந்தனின் மரகத மாலையையும் இன்று நாம் அறிவது கல்லில் பொறித்த செய்யுளால் அன்றோ? மணியைக் காத்ததும் சொல்லே. பத்தாண்டு நிறைந்த நம் இலக்கிய வட்டத்தின் கவிஞர்கள் இவ்வுண்மையை நெஞ்சிற் கொள்வார்களாக. சொல்லிலும் கீற்றும் கருகலும் நீக்கிக் கோத்தல் நம் கடன்.