இரண்டாவது சன்னல்

பழைய கோவாவில் மோன்டே சாந்தோ குன்றில் ஏறுகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். புனித அகஸ்தீன் தேவாலயத்தின் மணிக்கோபுரம் 46 மீட்டர் உயரத்துக்கு எழுப்பப்பட்டது. மிஞ்சியிருக்கும் செம்புராங்கல் பாதியே மலைக்க வைக்கிறது. நான் தேடிப்போனதோ ஒரு சன்னல் இருந்த இடத்தை.

போர்த்துக்கீசிய ஏடுகளில் ஒரு குறிப்பு உண்டு. துறவியர் கூடும் சிற்றாலயத்தில், பீடத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம், இரண்டாவது சன்னலில், ஒரு கருங்கல் பேழை. அதற்குள் ஜார்ஜியாவின் காகெத்தி நாட்டு அரசி கெத்தெவானின் எலும்புகள்.

மதம் மாற மறுத்த அவரைப் பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் 1624-இல் ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொன்றார். அங்கிருந்த அகஸ்தீனியத் துறவியர் உடலின் எச்சங்களை இரகசியமாக எடுத்து, ஒரு பகுதியை 1627-இல் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

குறிப்பு தெளிவானது. கட்டடம்தான் இல்லை. 1835-இல் போர்த்துக்கீசிய அரசு துறவியரை வெளியேற்றியது. கவனிப்பாரின்றி 1842-இல் கூரை வளைவு இடிந்து விழுந்தது. 1931-இல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன. சுவரே இல்லாத இடத்தில் எது இரண்டாவது சன்னல்?

ஜார்ஜியர்கள் சளைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அவர் புனிதர். 1980களின் இறுதி முதல் அங்கிருந்து குழுக்கள் வந்தன. இந்தியத் தொல்லியல் துறை இடிபாடுகளை அகற்றித் தளத்தை வெளிக்கொணர்ந்தது. எது சிற்றாலயம் என்று முதலில் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. சன்னல் அதற்குப் பிறகுதான். 2004-இல் அங்கே ஒரு கை எலும்பு கிடைத்தது. பேழையோ உடைந்து போயிருந்தது.

என்னைக் கேட்டால், இந்தத் துப்பறிதலின் கடினமான இடம் இதுதான். தேவாலயத் தளம் முழுக்கக் கல்லறைகள். கிடைத்த எலும்பு எந்தத் துறவியுடையதாகவும் இருக்கலாம்.

ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட குழுவினர், தாய்வழியில் மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள். அந்த எலும்பு யு1பி என்ற மரபுவழியைக் காட்டியது. ஒப்பிட்ட இந்திய மாதிரிகள் எதிலும் அது இல்லை, ஜார்ஜியர்களிடம் இருந்தது. அதே அகழாய்வில் கிடைத்த வேறு இரண்டு எலும்புகளோ இந்தியாவில் பரவலாகக் காணப்படும் வழிகளைச் சேர்ந்தவை.

அப்போதும் ஆய்வாளர்கள், எலும்பு அரசியுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவில்தான் முடிவை எழுதினார்கள். மரபணு ஊரைச் சொல்லுமே தவிரப் பெயரைச் சொல்லாது. ஏடு பெயரைச் சொல்லும், ஆனால் கையில் இருக்கும் எலும்பைக் காட்டாது. இரண்டும் ஒரே சன்னலடியில் சந்தித்ததால்தான் வழக்கு நிற்கிறது. கிடைத்த இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் மண்ணை அள்ளியிருந்தால், எந்த ஆய்வகத்தாலும் இதை மீட்டிருக்க முடியாது.

2021 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் திபிலிசியில் அந்த எச்சத்தின் ஒரு பகுதியை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தார். கோபுரத்தைப் படம் எடுத்த பிறகு, பயணிகள் அந்தச் சிற்றாலயத்துக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். பீடத்தைப் பார்த்து நின்று, வலப்பக்கம் எண்ணிக்கொண்டு போனால் போதும்.