அக்டோபர் 15... கொடிமரத்தை இறக்கு!

செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் நாட்களிலோ பேப்பரில் ஒரு செய்தி தவறாமல் வரும். கவனித்திருப்பீர்கள். 'வடகிழக்குப் பருவமழை இந்த ஆண்டு இயல்பை ஒட்டி இருக்கும்' என்றோ, 'இயல்பைவிட அதிகம்' என்றோ வானிலைத் துறை சொல்லும். நாம் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு சினிமா பக்கத்துக்குப் போய்விடுவோம். பெய்தால் குடை, பெய்யாவிட்டால் தண்ணி லாரி. அவ்வளவுதானே நம் கவலை!

ஆனால், இதே சென்னைக் கடற்கரையில் ஒரு காலத்தில் அந்த முன்னறிவிப்பைக் கேட்காவிட்டால் தலையே போய்விடும். அப்போது சாட்டிலைட் இல்லை, ரேடார் இல்லை, வானிலை ஆபீஸும் இல்லை. இருந்தது ஒரு கொடிமரம்.

புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரம்தான் அது. ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 15-ம் தேதி அதை இறக்கிவிடுவார்கள். மறுபடி ஏற்றுவது டிசம்பர் 15-ல். மரம் இறங்கிவிட்டதென்றால் கப்பல்காரர்களுக்கு ஒரே அர்த்தம்: 'இனி இங்கே நிற்காதே, நின்றால் உன் பாடு!' அந்த இரண்டு மாதமும் ஒடிசா கரையிலிருந்து இலங்கை வரை சோழமண்டலக் கரையோரம் எந்தக் கப்பல் வந்து நின்றாலும் அதன் இன்ஷூரன்ஸ் செல்லாது. வியாபாரிகளுக்குப் புரிகிற பாஷையில் சொல்லப்பட்ட வானிலை அறிக்கை அது!

இப்போது நம் வானிலைத் துறையின் கணக்கைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இயல்பான தேதி அக்டோபர் 20. டிசம்பரோடு சீஸன் முடிகிறது. கருவி எதுவும் இல்லாமல் அந்தக் காலத்துக்காரர்கள் போட்ட கணக்கு எத்தனை நெருக்கமாக வந்திருக்கிறது!

காரணம் ரொம்ப சிம்பிள். தென்மேற்குப் பருவக்காற்று பின்வாங்கியதும் காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வாடை வீசத் தொடங்குகிறது. வங்காள விரிகுடாவின் நீரோ இன்னும் சூடாகவே இருக்கிறது. அந்தச் சூட்டில்தான் காற்றழுத்தத் தாழ்வும் புயலும் பிறக்கின்றன. ஐப்பசியில் அடைமழை என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான்.

சரி, அதற்குக் கப்பல் ஏன் ஓட வேண்டும்?

இன்று காசிமேட்டிலோ எண்ணூரிலோ நின்று பார்த்தால், துறைமுகத்துக்குள் நுழைய முறை வராத கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்பது தெரியும். அன்று எல்லாக் கப்பல்களின் கதியும் அதுதான். சென்னைக்குத் துறைமுகமே கிடையாது! வளைவு நெளிவில்லாத நேர்க்கரை. ஒதுங்க ஒரு விரிகுடா இல்லை, மறைக்க ஒரு மலை இல்லை. கப்பல் திறந்த கடலில் நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைசேர்க்க மசூலாப் படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. கடிதம் கொண்டுபோகக் கட்டுமரம். இந்தப் படகுக்காரச் சமூகம்தான் பின்னால் ராயபுரத்தில் புனித ராயப்பர் ஆலயத்தை எழுப்பியது. ராயப்பர் என்றால் பீட்டர். ஊர்ப் பெயரே அவரிடமிருந்து வந்ததுதான் என்பார்கள்.

அப்படித் திறந்த கடலில் நிற்கும் கப்பல் மேல் வடகிழக்குப் புயல் அடித்தால் என்னாகும்? நங்கூரக் கயிறு அறும். காற்று நேராகக் கரையை நோக்கித் தள்ளும். தப்பிக்க வழி கிடையாது.

இது தெரிந்த ஒருவரே இதில் மாட்டிக்கொண்ட கதைதான் 1746.

மொரீஷியஸ் தீவின் பிரெஞ்சு கவர்னர் லா பூர்தொனே. கைதேர்ந்த கப்பல்காரர். கப்பல் படையோடு வந்து சென்னையை முற்றுகையிட்டார். செப்டம்பர் 21-ல் ஆங்கிலேயர்கள் கோட்டையை ஒப்படைத்துவிட்டார்கள். கைதானவர்களில் ராபர்ட் கிளைவ் என்ற இளைஞனும் ஒருவன். கம்பெனியில் சாதாரண குமாஸ்தா!

லா பூர்தொனேயின் கணக்கு தெளிவானது. ஊரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 11 லட்சம் வராகனுக்கு ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மழைக்காலம் ஆரம்பிப்பதற்குள் கப்பல்களோடு கிளம்பிவிட வேண்டும். அக்டோபர் நடுவில் இந்தக் கடல் என்ன செய்யும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

குறுக்கே வந்தார் புதுச்சேரி கவர்னர் டூப்ளே. 'பேரம் பேச நீ யார்? சென்னை என் அதிகாரத்துக்கு உட்பட்டது' என்பது அவர் கட்சி. கடிதத்துக்கு மேல் கடிதம் பறந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த அதிகாரிகளையே லா பூர்தொனே காவலில் வைத்தார். இந்தக் குடுமிப்பிடிச் சண்டையைப் புதுச்சேரியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தன் தமிழ் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

நாட்கள் ஓடின. நங்கூரம் எடுக்கப்படவில்லை.

அக்டோபர் 13. பகல் முழுக்க அருமையான வானிலை. கடல் சாதுவாகக் கிடந்தது. நள்ளிரவு நெருங்கும்போது காற்று புரண்டது. விடிந்தபோது சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுப் படை சின்னாபின்னம். 'டூக் தோர்லெயான்' உள்ளிட்ட கப்பல்கள் மூழ்கிப் போயின. தப்பியவற்றில் பாய்மரங்கள் முறிந்து கிடந்தன. செத்தவர்கள் சுமார் 1,200 பேர்! (ஆங்கிலேயர் குறிப்புகளில் இதே நாள் அக்டோபர் 2 என்று இருக்கும். அன்று அவர்களுடைய காலண்டர் 11 நாள் பின்தங்கியது. குழம்ப வேண்டாம்.)

லா பூர்தொனே அந்த இரவு கரையில்தான் இருந்தார். டூப்ளேயோ புதுச்சேரியில் பத்திரமாக இருந்தார். சண்டை போட்ட இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மூழ்கியவர்கள் யாரென்றால், எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாத மாலுமிகளும் சிப்பாய்களும்!

சேதமான கப்பல்களோடு லா பூர்தொனே கிளம்பியதும், டூப்ளே அந்த ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தார். கிளைவ் மாறுவேஷத்தில் கடலூர் பக்கம் தப்பி ஓடி, பேனாவைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான். லா பூர்தொனே பாரிஸில் பாஸ்டில் சிறைக்குப் போனார். சென்னை 1749-ல் மறுபடி ஆங்கிலேயரிடமே வந்தது. கிழக்குக் கடலில் பிரெஞ்சுக்காரர்களின் பலத்தை அந்த ஒரே ராத்திரியில் முறித்தது எதிரியின் பீரங்கி அல்ல, ஐப்பசிக் காற்று.

துறைமுகம் கட்டியபிறகாவது தொல்லை தீர்ந்ததா? 1875 டிசம்பர் 15-ல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். தற்செயலோ என்னவோ, கொடிமரம் மறுபடி ஏறுகிற அதே தேதி! அதே 1875-ல்தான் இந்திய வானிலைத் துறையும் பிறந்தது. கடலுக்குள் கல்சுவர்கள் நீண்டன. வேலை முடிகிற நேரம், 1881 நவம்பர் 12-ல் வந்த புயல் சுவர்களைப் பெருமளவு உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கு பார்த்த நுழைவாயில் சரிப்படாது என்று, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மூடிவிட்டு வடகிழக்கில் புது வாயில் திறந்தார்கள்.

கொடிமரத்தின் வேலையை இப்போது செய்வது புயல் கூண்டு. 'சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் 1-ம் எண் கூண்டு' என்று டி.வி-யில் ஓடுமே, அதுதான். 1 என்றால் தூரக் கடலில் காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது. 2 என்றால் அது புயலாகிவிட்டது. 3, 4 துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5-லிருந்து 7 வரை அபாயம். புயல் துறைமுகத்தை எந்தப் பக்கம் விட்டுக் கடக்கும் என்பதைப் பொறுத்து எண் மாறும். 8-லிருந்து 10 வரை பெரும் அபாயம்.

முன்னறிவிப்பு இன்று எவ்வளவோ முன்னேறிவிட்டது. புயல் வருவதை நாலைந்து நாள் முன்பே சொல்கிறார்கள். ஆனால், ஒன்றை நினைவில் வையுங்கள். அக்டோபரில் வரும் சீஸன் அறிக்கை மூன்று மாத மொத்தக் கணக்கு. தென்னிந்தியாவுக்கு நீண்டகால சராசரியில் 88 முதல் 112 சதவிகிதம் வரை பெய்தால் 'இயல்பு' என்று பெயர். அந்த மழை மூன்று மாதமும் பூத்தூவலாகப் பெய்யுமா, ஒரே நாளில் கொட்டித் தீர்க்குமா என்று அது சொல்லாது. 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் கொட்டியதே!

நாள் குறித்துச் சொன்ன எச்சரிக்கைகளின் கதை என்ன? 2012 அக்டோபர் 31-ல் 'நீலம்' புயல். வருவது எல்லோருக்கும் தெரியும். அப்படியும் சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'பிரதிபா காவேரி' கப்பல் இழுத்துவரப்பட்டு பெசன்ட் நகர் பக்கம் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய ஊழியர்களில் சிலர் படகு கவிழ்ந்து இறந்துபோனார்கள். 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்'. அதற்கும் எச்சரிக்கை இருந்தது. ஆனால், மணலி தொழிற்பேட்டை வழியே வந்த வெள்ளம் எண்ணெயையும் அள்ளிக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்தில் கொட்டியது. மீனவர்களின் படகும் வலையும் கறுப்பாகிப் போயின. புயலுக்குப் பயந்து கரையில் கட்டிவைத்த படகுகள் சார் அவை!

முன்னறிவிப்பு என்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அதைக் கேட்டு யார் என்ன செய்கிறார்கள் என்பது. 'கடலுக்குப் போகாதே' என்று சொல்வது சுலபம். போகாத நாளில் காசிமேட்டுக்காரர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? மழைக்கால மாதங்களுக்காக மீனவர் குடும்பங்களுக்கு அரசு ஒரு நிவாரணத் தொகை தருகிறது. அதுவும் ஒரு வகையில் கொடிமரத்தை இறக்குவது போலத்தான். எச்சரிக்கையைக் கேட்டு நடக்க வசதி செய்து தருவதும் எச்சரிக்கையின் ஒரு பகுதி. அந்தத் தொகை நேரத்துக்கு வருகிறதா, கால்வாய் அக்டோபருக்கு முன்பே தூர்வாரப்படுகிறதா, ஆலைகளின் எண்ணெய் வெள்ளத்தில் கலக்காமல் தடுக்கப்பட்டிருக்கிறதா... இவைதான் இந்தக் காலத்து டூப்ளேக்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

கூண்டுகளில் கடைசி எண் ஒன்று பாக்கி இருக்கிறது. 11. அதற்குப் புயலின் வேகத்தோடு சம்பந்தமில்லை. 'வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசம்' என்பது அதன் பொருள். அனுபவஸ்தர்களைக் கேட்டால், 10-ஐவிட 11-தான் பயங்கரம் என்பார்கள்.

1746-ல் கூண்டு ஏது? இருந்திருந்தால், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அன்று தொங்கியிருக்க வேண்டியது அந்த 11-தான்!