4,540 பேர்

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஊர்ப் பள்ளிகளையும் அவற்றில் படிக்கும் பிள்ளைகளையும் எண்ணி அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826இல் தொகுத்துப் பார்த்தபோது பள்ளிகள் 12,498. பிள்ளைகள் 1,88,650. அவர்களில் பெண்கள் 4,540. நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை.

யார் இந்த 4,540 பேர்? மலபார்க் கணக்கில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் சிறுமிகள் இருக்கிறார்கள். (முஸ்லிம் பெண்கள் என்றைக்கும் படிப்பில் பின்தங்கியவர்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பட்டியலைப் புரட்டியதில்லை போலும்.) மற்ற இடங்களில் படித்த இந்துச் சிறுமிகளைப் பற்றிக் கலெக்டர்கள் பலரும் ஏறக்குறைய ஒரே குறிப்பைத்தான் எழுதினார்கள்: இவர்கள் பெரும்பாலும் கோயில் தாசிகள்.

ஆடலும் பாடலும் தொழிலாக இருந்த வீட்டில் பெண்ணுக்கு எழுத்து வேண்டியிருந்தது. அதனாலேயே மற்ற வீடுகளில் அது வேண்டாததாயிற்று. படித்த பெண் என்றால் தாசி என்ற ஏச்சு, ஒரு சாதியின் பெண்களை இழிவுபடுத்திக்கொண்டே மற்ற எல்லாப் பெண்களையும் வாசலுக்குள் நிறுத்தியது. ஒரே சொல், இரண்டு வேலை.

அந்தப் படிவத்தின் கட்டங்களையும் பார்க்க வேண்டும். பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற எல்லாச் சாதியார், முஸ்லிம்கள். தலித் பிள்ளைக்கென்று ஒரு கட்டம் இல்லை. தலித் சிறுமியைத் தேட இடமே இல்லை. சென்னை நகரில் வீட்டிலேயே படித்தவர்கள் 26 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பெண்கள் 517. மாகாணத்தில் எத்தனை பங்குப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று மன்றோ கணக்குப் போட்டபோதோ ஆண் பிள்ளைகளை மட்டுமே எடுத்துக்கொண்டார். எண்ணியாயிற்று, பிறகு கழித்தும் ஆயிற்று.

நம் பாடநூல்களும் அதையேதான் செய்கின்றன. பெண்கல்வி வரலாறு என்றால் மிஷன் பள்ளியில் தொடங்கி, சகோதரி சுப்பலட்சுமியின் விதவையர் இல்லத்துக்கு வந்துவிடுவோம். இருவரின் உழைப்பும் பெரிது. ஆனால் அவர்களுக்கு முன்பே திண்ணையில் உட்கார்ந்து மணலில் எழுதிய சிறுமிகளை முன்னோடிகள் என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. கூச்சம், வேறென்ன?

2022இல் தமிழ்நாட்டில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் தொடங்கியது. அதற்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர். தாசி மரபில் வளர்ந்து, அந்த முறையை ஒழிக்கவே எழுதியும் பேசியும் வந்தவர் அவர். பணம் வாங்கும் என் மாணவிகளிடம் அவர் யாரென்று கேட்டேன். ஒருத்தி மட்டும் சொன்னாள். அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னாள்.