தேர்ச்சிக்கு விலை: சென்னை மாகாணத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் ஊதியம்

சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் ஒவ்வொரு கலெக்டரிடமும் அவரவர் எல்லைக்குள் இருந்த பள்ளிகள், மாணவர்கள், ஆசிரியர்களின் வருவாய் ஆகியவை பற்றிய கணக்கைக் கேட்டார். சில ஆண்டுகள் கழித்து அக்கணக்குகள் தொகுக்கப்பட்டபோது, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தது தெரியவந்தது. இந்தப் புள்ளிவிவரம் பிற்காலத்தில் ஆங்கிலேயர் வருகைக்கு முந்தைய இந்தியக் கல்வி செழித்திருந்ததா நலிந்திருந்ததா என்ற வாதத்திற்கே பெரிதும் பயன்படுத்தப்பட்டது. ஆய்வாளர் தரம்பால் இக்கணக்குகளைத் தொகுத்து 1983இல் வெளியிட்ட நூலுக்குப் பின் அவ்வாதம் இன்னும் சூடு பிடித்தது. அந்தச் சூட்டில், 1826 மார்ச் மாதத்தில் மன்றோ எழுதிய குறிப்பில் இடம்பெற்ற வேறொரு செய்தி போதிய கவனம் பெறவில்லை. ஆசிரியர்கள் பொதுவாக மாதம் ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதியுள்ளவர்களை அத்தொழிலுக்கு இழுக்க அத்தொகை போதாது என்றும் அவர் அதில் எழுதியிருந்தார்.

அந்த ஆறு ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. ஒரு பள்ளிக்குச் சராசரியாகப் பதினைந்து மாணவர்கள். மாணவர் ஒருவர் மாதம் 4 அணா முதல் 8 அணா வரை கட்டணம் செலுத்தினார். 16 அணா சேர்ந்தது ஒரு ரூபாய். இதன்படி திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் ரொக்க வருவாய் மூன்றே முக்கால் ரூபாய்க்கும் ஏழரை ரூபாய்க்கும் இடையில்தான் அமைய முடியும். இதற்கு மேல் அறுவடைக் காலத்து நெல்லும், நவராத்திரியில் பிள்ளைகளை வீடுவீடாக அழைத்துச் சென்று பாடவைத்துப் பெற்ற காசும், அக்ஷராப்பியாசம் எனப்படும் எழுத்தறிவித்தல் சடங்கின்போது கிடைத்த அரிசியும் துணியும் அவரது வரும்படியில் சேர்ந்தன. ஆக, அவருக்கு ஊதியம் அளித்தவர்கள் பெற்றோர்களே. எதைக் கற்பிக்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். எண்சுவடி, அதாவது பெருக்கல் வாய்ப்பாடும் பின்னக் கணக்கும் அடங்கிய ஓலைத் தொகுப்பு, அங்கே இன்றியமையாத இடம் பெற்றதற்குக் காரணம், கடைக்கணக்கும் நிலக்கணக்கும் எழுதத் தெரிந்த பிள்ளையைத்தான் பெற்றோர் விரும்பினர் என்பதே. கட்டணம் செலுத்த வழியற்றவர்களின் பிள்ளைகளுக்கும், சாதியின் பெயரால் விலக்கி வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடமில்லை என்பதையும், பெண் பிள்ளைகள் மிகச் சிலரே அங்கு அமர்ந்தனர் என்பதையும் இதனுடன் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இந்த ஏற்பாட்டின் பலவீனத்தை மற்றவர்களின் அறிக்கைகளைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. அம்மாவட்டத்திலிருந்த 533 பள்ளிகளில் ஒன்றுகூட அரசின் உதவியைப் பெறவில்லை என்று குறிப்பிட்ட அவர், ஐரோப்பியத் துணிகளின் வரவால் நெசவுத் தொழில் நலிந்ததும் மக்களின் பொதுவான வறுமையும் சேர்ந்து பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூலி வேலைக்குத் தள்ளியதாக எழுதினார். பெற்றோரின் கையிருப்பு குறையும்போது ஆசிரியரின் வருவாயும் உடன் குறைந்தது. ஊரே நலிந்தபோது பள்ளியும் நின்றுபோனது. மனப்பாடமாகச் சொல்லப்பட்ட செய்யுளின் பொருள் மாணவருக்கும் தெரியவில்லை, ஆசிரியருக்கும் தெரியவில்லை என்று அதே அறிக்கை சொல்வதை முழு உண்மையாகக் கொள்ள வேண்டியதில்லை என்றாலும், ஒதுக்கிவிடவும் இயலாது.

மன்றோவின் திட்டம் இதற்கு மாற்றாக எழுந்தது. கலெக்டரகங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு முதன்மைப் பள்ளிகளும், தாசில்தார் எல்லைகளில் 300 பள்ளிகளும் நிறுவப்பட வேண்டும் என்றும், முதல் வகை ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும் இரண்டாம் வகை ஆசிரியருக்கு 9 ரூபாயும் அரசு தர வேண்டும் என்றும் அவர் முன்மொழிந்தார். பாடநூல் சங்கத்திற்கான தொகையையும் சேர்த்து ஆண்டுச் செலவு 48,000 ரூபாய் ஆகும் என்பது அவரது கணிப்பு. ஒன்பது ரூபாய் குறைவாகத் தோன்றினாலும், ஆசிரியர் மாணவர்களிடமிருந்து குறைந்தது அதே அளவு தொகையைப் பெறுவார் என்றும், அப்போது அவரது நிலை ஸ்காட்லாந்தின் ஊர்ப்பள்ளி ஆசிரியரின் நிலையைவிட மேலாக இருக்கும் என்றும் ஸ்காட்லாந்தில் பிறந்த அந்த ஆளுநர் நம்பினார். அரசு பாதி, பெற்றோர் பாதி என்ற இந்தக் கலப்பு ஊதியம், ஆசிரியரைப் பட்டினியிலிருந்து காப்பதோடு ஊராரிடம் அவருக்கிருந்த பொறுப்பையும் அறுத்துவிடாத நுட்பமான ஏற்பாடாகும். அது உரிய முறையில் சோதித்துப் பார்க்கப்படவே இல்லை. 1827 ஜூலையில் மன்றோ பத்திக்கொண்டாவில் காலராவால் இறந்தார். திட்டமிட்ட எண்ணிக்கை எட்டப்படுவதற்கு முன்பே, ஆங்கிலக் கல்விக்கே பணம் செலவிடுவது என்று கல்கத்தாவிலிருந்த தலைமை அரசு 1835ஆம் ஆண்டு எடுத்த முடிவைத் தொடர்ந்து, 1836இல் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன.

1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கைக்குப் பிறகு உதவி மானியம் என்ற முறை வந்தது. தனியாரோ சமய நிறுவனமோ நடத்தும் பள்ளிக்கு, விதிகளுக்கு உட்பட்டு, செலவின் ஒரு பகுதியை அரசு ஏற்பது அதன் பொருள். அந்தப் பகுதியை எவ்வாறு அளவிடுவது என்ற கேள்விக்கு அக்காலத்தில் இங்கிலாந்து ஒரு விடையைக் கண்டிருந்தது. ஆங்கில அரசியல்வாதி ராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த திருத்திய விதித்தொகுப்பின்படி, ஆய்வாளர் ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கு வந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் மாணவர்களைத் தனித்தனியே சோதிப்பார். மானியத்தின் பெரும்பகுதி அவர்களின் வருகையையும் தேர்ச்சியையும் பொறுத்தே அமையும். பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய கவிஞர் மேத்யூ அர்னால்டு, இது கற்பித்தலை எந்திரமயமாக்கிவிடும் என்று தொடக்கம் முதலே எதிர்த்தார். எனினும் சென்னைக் கல்வித் துறை அதே பத்தாண்டுக்குள் அம்முறையைத் தொடக்கப் பள்ளிகளுக்கு வரித்துக்கொண்டது. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் கொடுத்த வரிப்பணம் அதற்குத் தேவையான தொகையையும் தந்தது.

இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நியாயமாகாது. துறையின் பார்வையில் படாமலே இருந்த ஏராளமான திண்ணைப் பள்ளிகள், மானியத்தை எதிர்பார்த்து அச்சிட்ட புத்தகத்தையும் வருகைப் பதிவேட்டையும் ஏற்றுக்கொண்டு, அரசின் கணக்கிற்குள் வந்தன. கட்டடமும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தராமலேயே ஒரு மாகாணம் முழுவதும் எழுத்தறிவைப் பரப்ப முடியும் என்பது நிதித் துறையினருக்கு இனித்திருக்கும். ஆனால் அந்த மலிவின் சுமை முழுவதும் ஆசிரியரின் தலையில் விழுந்தது. ஆண்டில் ஒரே ஒரு நாள் நடக்கும் தேர்வு அவரது வருவாயை முடிவு செய்ததால், மற்ற மாதங்களைக் கடனில் ஓட்ட வேண்டியிருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறிய வட்டாரங்களில், ஆசிரியர் எவ்வளவு உழைத்திருந்தாலும் தேர்வுக்கு நிறுத்தப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இல்லாத இடத்தில் மானியமும் இல்லை.

கற்பித்தல் சிதைந்த விதமும் எதிர்பார்க்கக்கூடியதே. ஆய்வாளர் எந்தப் புத்தகத்திலிருந்து கேட்பார் என்பது முன்பே தெரிந்திருந்ததால், அப்புத்தகம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மனப்பாடம் செய்விக்கப்பட்டது. தலைகீழாகப் பிடித்த புத்தகத்தையும் பிழையின்றிப் படித்துவிடும் பிள்ளைக்கு அக்கணக்கில் முழுத் தேர்ச்சி. எப்படியும் தேறக்கூடிய பிள்ளைக்காகவோ, எவ்வளவு முயன்றாலும் தேறாத பிள்ளைக்காகவோ நேரம் செலவிடுவது ஆசிரியருக்கு இழப்பாகவே முடிந்தது. எல்லைக்கோட்டில் நின்ற சிலர் மட்டுமே அவருக்குப் பணமாக மாறக்கூடியவர்கள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த ஏழைப் பிள்ளைகள் இந்த மூன்றில் பெரும்பாலும் எந்த வகையில் விழுந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும், டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் தலைமையில் 1882இல் அமைந்த இந்தியக் கல்விக் குழு தொடக்கக் கல்விக்கு இம்முறையையே பரிந்துரைத்தது என்பது வியப்பளிக்கிறது. இங்கிலாந்து இதைப் படிப்படியாகக் கைவிட்டுக்கொண்டிருந்த 1890களிலும் இந்தியா பிடித்து வைத்திருந்தது. வைஸ்ராய் கர்சன் பிரபுவின் 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானமே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

அதன் பின்னர் மானியம் ஆசிரியரின் தகுதியையும் பணியையும் அளவுகோலாகக் கொண்டது. உதவி பெறும் பள்ளிகளில் அத்தொகை நிர்வாகியின் கை வழியாகவே சென்றதால், முழுச் சம்பளத்திற்குக் கையொப்பமிட்டுக் குறைந்த தொகையைப் பெறும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. ஆசிரியர் சங்கங்களின் போராட்டங்களில் பல இதைக் குறிவைத்தே எழுந்தன. கோத்தாரி கல்விக் குழு 1966இல் நாடு முழுவதற்கும் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தை வலியுறுத்தியது. காலமுறை ஊதியம், அதாவது ஆண்டுதோறும் உயரும் நிலையான சம்பளம், இவ்வாறு வென்றெடுக்கப்பட்ட உரிமையே ஆகும். அது முழு வெற்றியன்று என்பதற்கு, 2004ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் தொகுப்பூதியத்தில் ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டு 2006இல்தான் காலமுறை ஊதியத்திற்குக் கொண்டுவரப்பட்டதும், 2012இல் பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டதும் சான்றாகும்.

ஊதியத்தின் அளவு மட்டும் கற்றலை உயர்த்திவிடாது என்பதை இந்தோனேசியாவின் அனுபவம் காட்டுகிறது. அங்கே 2005ஆம் ஆண்டுச் சட்டம் தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களின் ஊதியத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, மாணவர்களின் மதிப்பெண் கூடவில்லை. அதே 2005இல், பழைய சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய ஆந்திரப் பிரதேசத்தில், பொருளியலாளர்களான கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் பலனுக்கு ஊதியம் என்ற கருத்தை மீண்டும் சோதிக்கத் தொடங்கினர். தேர்ச்சி எல்லையைக் கடந்தவர்களை எண்ணாமல், ஒவ்வொரு பிள்ளையும் முந்தைய நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறியது என்பதை அளந்தனர். இறுதித் தேர்வுக்கு வராத பிள்ளைக்குப் பின்னடைவு மதிப்பெண் இட்டனர். ஆகவே பின்தங்கியவரை ஒளித்துவைப்பதால் ஆதாயமில்லை. சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் 3 விழுக்காட்டளவே ஆன அந்த ஊக்கத்தொகையால், இரண்டு ஆண்டு முடிவில் கணக்கு மதிப்பெண் 0.27 திட்ட விலக்கம் உயர்ந்தது. திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் அளவு. அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடுதல் வகுப்பு எடுத்ததாகவும் வீட்டுப்பாடமும் பயிற்சித் தேர்வும் கொடுத்ததாகவும் தெரிவித்தனர். ஆனால் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்ட பள்ளிகளுக்கும் அறிவிக்கப்படாத பள்ளிகளுக்கும் இடையே ஆசிரியர்கள் பணிக்கு வராத விகிதத்தில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை.