யாழ்ப்பாணத்து இசை நாடகம்

நடிகர்களே பாடி, வசனம் பேசி, இடையிடையே பபூனின் வேடிக்கையோடு விடியும்வரை நடத்திய மேடைக் கலை யாழ்ப்பாணத்து இசை நாடகம். ஆர்மோனியமும் மிருதங்கமும் இதன் பக்கவாத்தியங்கள். ஊரார் வாயில் இது 'டிறாமா'. குடாநாட்டில் இதற்கு முன்பே வேரூன்றியிருந்த கூத்தின் உயிர் தாளக்கட்டிலும் ஆட்டத்திலும் இருந்தது. டிறாமாவிலோ ஆட்டம் அடங்கி, பாட்டு முன்னுக்கு வந்தது. முன்பக்கம் மட்டும் திறந்த மேடை, அரண்மனையும் காடும் வீதியும் தீட்டிய சீன்கள், இழுத்து மூடும் திரை என்று பார்க்கும் முறையே மாறியது.

இந்த வடிவம் தூரத்திலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில், கனத்த ஒபெராவுக்கு மாற்றாக, பேச்சும் பாட்டும் பகடியும் கலந்த ஒப்பரெட்டா எழுந்தது. ஒஃபன்பாக் 1858இல் பாரிசில் கிரேக்கத் தெய்வங்களையே கேலிக்குள்ளாக்கினார். லண்டனில் கில்பர்ட்டும் சல்லிவனும் 1878இல் 'பினஃபோர்', 1885இல் 'மிகாடோ' ஆகியவற்றால் கடற்படையையும் அதிகாரிகளையும் சிரிப்புக்கு ஆளாக்கினர். ஏறக்குறைய அதே காலத்தில், 1853இல் தொடங்கி, பம்பாயில் பார்சி நாடகம் வளர்ந்தது. அதை ஒப்பரெட்டாவின் பிள்ளை என்று சொல்வது மிகை. ஆங்கிலக் குழுக்களிடமிருந்து அது எடுத்துக்கொண்டது மேடையமைப்பையும் திரைச்சீலையையும் பாட்டோடு வேடிக்கையைப் பின்னும் பழக்கத்தையும்தான். கதையும் மெட்டும் இந்திய மண்ணுடையவை. லக்னோவில் அமானத் எழுதிய 'இந்தர் சபா' போன்ற உருதுப் பாட்டு நாடகங்களே அதன் முதுகெலும்பு.

பார்சிக் குழுக்கள் 1880களில் கொழும்புக்கு வந்தன. சிங்களத்தில் அதன் விளைவு 'நூர்த்தி' நாடகம். நாடகாசிரியர் ஜோன் த சில்வா இந்துஸ்தானி மெட்டுக்களுக்காகப் பம்பாயிலிருந்து விஸ்வநாத் லௌஜியை அழைத்தார். 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபம் நூர்த்தியின் கோட்டையாயிற்று. த சில்வா, லௌஜி இருவரின் 'சிறிசங்கபோ' நாடகத்துக்காகப் பிறந்த 'தன்னோ புதுங்கே' பின்னர் பக்திப் பாடலாகவே நிலைத்துவிட்டது. 2016 சுதந்திர தினத்தில் கிஷானி ஜயசிங்க அதை ஒபெராக் குரலில் பாடியபோது நாடே இரண்டுபட்டு வாதிட்டது. ஒரு நாடகப் பாட்டு நூறாண்டு கடந்தும் மக்கள் மனதில் இவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமிழில் வழி வேறு. மராத்தி, பார்சிக் குழுக்களின் தாக்கம் தஞ்சை வழியாகப் பரவியது. பெல்லாரியிலிருந்து வந்த சரச வினோதினி சபாவின் நாடகங்களைப் பார்த்த உந்துதலில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். மறுபுறம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பழைய புராணக் கதைகளையும் கூத்துக் கதைகளையும் புதிய மேடைக்குப் பாட்டாக வார்த்தார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி', 'கோவலன்' யாவும் அவருடைய பிரதிகளின் வழியே பரவின. இரு வழிகளும் ஈழத்துக்கு வந்தன. கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982) பம்மலைக் குருவாகக் கொண்டு படித்தவர்களின் சபா நாடகத்தை வளர்த்தார். ஆனால் ஊர்கள் பற்றிக்கொண்டது சங்கரதாசரின் பாட்டு நாடகங்களையே.

தமிழ்நாட்டுக் குழுக்கள் கடல் கடந்து யாழ்ப்பாணத்துக் கொட்டகைகளில் ஆடின. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியதே இலங்கையில்தான், 1920களின் நடுவில். வந்த குழுக்களிடம் பாட்டும் பாவமும் கற்ற உள்ளூர்க்காரர்கள் தாங்களே சபாக்களை அமைத்துக் கோவில் திருவிழாக்களில் ஆடினர். இவர்களில் பலர் சாதியால் ஒதுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். ஊர் வீதியில் தள்ளி நிற்கவேண்டியிருந்தவர் மேடையில் அரசனாகவும் முனிவனாகவும் நின்று பாட, ஊரே கீழே இருந்து கேட்டது. இந்தக் கலையின் சமூக வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒப்பரெட்டாவோடு நெருங்கிய உறவு கதையில் இல்லை, சிரிப்பை வைத்த இடத்தில் இருக்கிறது. 'வள்ளி திருமணம்' தினைப்புனத்தில் நடக்கும் காதல் விளையாட்டு. வேடனாக வந்து தோற்ற முருகன் கிழவனாக வருவதும், வள்ளியும் அவனும் பாட்டுக்குப் பாட்டு மடக்குவதும் எந்த நாட்டு நகைச்சுவை இசை நாடகத்துக்கும் ஒப்பானவை. இந்தத் தர்க்கத்தில் எழுதிவைத்த பாட்டோடு நடிகர்கள் நிற்பதில்லை. எதிரே நிற்பவரின் சொல்லைப் பிடித்து அங்கேயே பதில் கட்டவேண்டும்; ஆர்மோனியக்காரர் அதற்கு ஏற்பச் சுதியோடும் ராகத்தோடும் பின்தொடரவேண்டும்.

'அரிச்சந்திரா' இதற்கு நேர்மாறான துயரக் கதை. ஆனாலும் சிரிப்பு அதற்குள் குடியிருக்கிறது. கடனை வசூலிக்க விசுவாமித்திரர் அனுப்பும் நட்சத்திரேசன், பசி என்றும் வெயில் என்றும் சொல்லி அரசனை வதைக்கிறான். அரசி சந்திரமதியை விலைக்கு வாங்கும் காலகண்டையர் வீட்டில் அவர் மனைவி காலகண்டியின் அதட்டல் வேறு. கொடுமை செய்பவரே சிரிக்கவைப்பவராகவும் இருப்பதால், பார்ப்பவருக்குச் சிரித்துக்கொண்டே மனம் கனக்கிறது. அந்தக் கனத்தோடுதான் பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சுமந்து சந்திரமதி சுடலைக்கு வருகிறாள். காலகண்டையர் காட்சியை விட்டுவிட்டுச் சுடலையை மட்டும் ஆடினால் கண்ணீர் வரலாம். ஆனால் அது பாதிக் கண்ணீர்.

அந்தச் சுடலைக் காட்சியான 'மயான காண்டம்' என்றாலே குடாநாட்டில் நினைவுக்கு வருபவர் காங்கேசன்துறையில் பிறந்த நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989). அவரது வசந்தகான சபா 'அரிச்சந்திரா'வை மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேற்றியதாகச் சொல்வார்கள். உச்சத்தாயியில் நின்று சொல் சிதையாமல் பாடுவதும், ஒரே அடியைப் பல சங்கதிகளில் விரித்துத் துயரத்தைப் படிப்படியாக ஏற்றுவதும் அவருடைய பலம். 'பக்த நந்தனார்', 'பூதத்தம்பி' முதலியவற்றிலும் அவர் புகழ்பெற்றார். பூதத்தம்பி யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தர் காலத்துக் கதை. வந்த வடிவத்துக்குள் ஊர்க்கதையை ஏற்றியபோதே இது ஈழத்துக் கலையாயிற்று.

திரைக்குப் போன பாதை வேகமானது. 1931இல் 'காளிதாஸ்' வந்தபின் தமிழ்த் திரைப்படம் கையில் எடுத்தவை பெரும்பாலும் இந்த மேடைக் கதைகளே. 1934இல் 'பவளக்கொடி' வழியாக எம்.கே. தியாகராஜ பாகவதர் திரையில் அறிமுகமானார். பபூன் வேடம் என்.எஸ். கிருஷ்ணன் – டி.ஏ. மதுரம் இணையின் தனி நகைச்சுவைத் தடமாகத் தமிழ்ப் படத்தில் நிலைபெற்றது. கதை நின்று பாட்டு தொடங்குவதையும், நடுவே நகைச்சுவைக்குத் தனியிடம் ஒதுக்குவதையும் இன்றுவரை குறையாகச் சொல்பவர்கள், அது எந்த மேடையிலிருந்து வந்தது என்பதைக் கவனிப்பதில்லை.

யாழ்ப்பாணத்துச் சிரிப்பு வேறு வழிகளிலும் ஓடியது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட 'நானாடகம்' பாட்டைக் கைவிட்டு, 'உடையார் மிடுக்கு' போன்றவற்றில் ஊர்ப் பேச்சையே நகைச்சுவையின் கருவியாக்கியது. இலங்கை வானொலியில் இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' வீடுதோறும் கேட்டது. காத்தவராயன் கூத்து டிறாமாவின் மெட்டுக்களையும் ஆர்மோனியத்தையும் உள்வாங்கிக்கொண்டது. அச்சுவேலி சின்னமணியின் வில்லிசையிலும் இந்த மேடையின் பாட்டும் பகடியும் கலந்திருந்தன.

வைரமுத்து மறைந்து ஓராண்டுக்குள், 1990இல், போரினால் காங்கேசன்துறை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊரோடு சேர்ந்து வளர்ந்த சபாக்கள் சிதறின. 1995 இடப்பெயர்வு எஞ்சியவற்றையும் உலுக்கியது. காரை செ. சுந்தரம்பிள்ளை 'ஈழத்து இசை நாடக வரலாறு' நூலில் இந்தக் கலையைப் பதிந்துவைத்தார். 1965இல் மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் முதிய கலைஞர்களை மீண்டும் மேடைக்கு அழைத்தது.

இன்று கோவில் திருவிழாக்களில் பழைய நாடகங்கள் ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கி நடக்கின்றன. மயான காண்டம் தனியாகவே ஆடப்படுகிறது. நேரம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது தர்க்கமும் பபூனும்தான். பாட்டுக்களை ஒலிப்பதிவில் கேட்டுக் கற்கலாம். மேடையில் நின்று சொல்லுக்குச் சொல் கட்டிய அந்தச் சிரிப்பு அச்சிட்ட பிரதிகளில் இல்லை. அதை இன்னும் வாயிலும் நினைவிலும் வைத்திருக்கும் பழைய நடிகர்களிடமிருந்துதான் இளையவர்கள் கற்கவேண்டும்.