ராயப்பன்பட்டி டு தேனி: பிரச்னை ஹைவேஸ்ல இல்ல, ஹைவேஸுக்குப் போறதுலதான்!

உங்க ஊர் ராயப்பன்பட்டியா, ஆனைமலையன்பட்டியா? அப்படின்னா தேனியில காலேஜ் சீட்டோ வேலையோ கிடைச்சதும் வீட்ல வர்ற முதல் கேள்வி, "பஸ்ஸுக்கு என்ன பண்ணுவ?" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்விதான்.

தேனியிலிருந்து குமுளி வரை சுமார் 60 கி.மீ. தேசிய நெடுஞ்சாலை 183. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு எல்லாப் பெரிய ஊருக்கும் இந்த ஒரே சாலைதான் முதுகெலும்பு. கேரளாவுக்குப் போற காய்கறி லாரி, விடியக்காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப், தேக்கடி டூரிஸ்ட் எல்லாம் இதுலதான். கார்த்திகை பிறந்துட்டா ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் சேர்ந்துக்கும். சீசன்ல கூட்டம் கூடினா, போற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாவும் வர்ற வண்டிகளைக் குமுளி வழியாவும் போலீஸ் திருப்பிவிடுறது வழக்கம். அந்த ரெண்டு மாசமும் அரை மணி நேரம் முன்னாடியே கிளம்புங்க.

பைபாஸ் வந்ததுல நெரிசல் குறைஞ்சது உண்மை. ஆனா, பஸ்ல போற நமக்கு அதுவே ஒரு சிக்கல். ராத்திரி நேரத்துல ஏறும்போதே கண்டக்டர்கிட்ட "உத்தமபாளையம் ஊருக்குள்ள போகுமா?"னு கேட்டுடுங்க. பைபாஸ்ல இறக்கிவிட்டா, அங்கிருந்து நம்ம ஊருக்கு ஆட்டோ கிடைக்கிறது உங்க அதிர்ஷ்டம்.

நம்ம ஊர் ஹைவேஸ்லயே இல்லை என்பதுதான் விஷயம். தேனிப் பக்கம்னா உத்தமபாளையம், குமுளிப் பக்கம்னா காமயகவுண்டன்பட்டி வழியா கம்பம். இந்தச் சின்ன தூரத்துலதான் நேரம் போகுது. டவுன் பஸ்ஸைத் தவறவிட்டா, ஹைவேஸ்ல எத்தனை பஸ் ஓடினாலும் பிரயோஜனம் இல்லை. பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லாப் பயணம் இருக்கு. ஆனா, அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான்.

பைக் வெச்சிருக்கீங்களா? உத்தமபாளையம் வரை ஓட்டி, ஸ்டாண்டுல விட்டுட்டு பஸ் ஏறுங்க. இருட்டுல பின்பக்க லைட் இல்லாத டிராக்டருக்குப் பின்னாடி தினமும் தேனி வரை ஓட்டுறது வேண்டாத வேலை.

மதுரை போறவங்களுக்கு ரயில் இருக்கு. 2010 கடைசியில நின்ன போடி லைன், அகலப்பாதையா மாறி 2022 மே-யில தேனிக்கும், 2023 ஜூன்ல போடிக்கும் வந்துடுச்சு. ஸ்டேஷன் ஊருக்குள்ள, கர்னல் ஜான் பென்னிகுயிக் பஸ் ஸ்டாண்ட் ஊருக்கு வெளியே. நடுவுல இன்னொரு பஸ் பிடிக்கிற நேரத்தையும் கணக்குல வெச்சுக்கோங்க. கம்பம் பக்கம் இன்னும் தண்டவாளம் கிடையாது. திண்டுக்கல் - குமுளி ரயில் பாதை பல வருஷக் கோரிக்கையாவே இருக்கு.

அதுவரை நமக்குக் கைகொடுக்கக் கூடியது மினி பஸ். 2025 ஜூன்ல அரசு தொடங்கின புதிய மினி பஸ் திட்டத்தின் நோக்கமே பஸ் போகாத ஊர்களை இணைக்கிறதுதான். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கலாம். கிராம சபையில தீர்மானம் போட்டுக் கொண்டுபோனா இன்னும் வலு. "பஸ் விடுங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க. காலையில எத்தனை மணிக்கு எத்தனை பேர் நிக்கிறாங்க, சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதுக்கப்புறம் எத்தனை பேர் இறங்குறாங்கன்னு ஒரு வாரம் எண்ணி, கையெழுத்தோட சேர்த்துக் கொடுங்க.